கடைசி நொடி எங்கே போனது?



சென்ற மாதம் கெலுகோரிலிருந்து ஓர் அம்மையார் கடிதம் எழுதியிருந்தார். தென் செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு பட்டணம் வந்து, அடுக்குமாடி வீட்டில் மகனோடு இருக்கிறார். மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். ஒருநாள் மாலை, பாலத்துக்கு ஏறும் பாதையில் ஒரு லோரி குறுக்கே நுழைந்து வேனை இடித்துவிட்டது. வேன் ஓரக் கம்பியில் மோதி நின்றது. நல்ல வேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை. "நீதான் கோட்டைத் தாண்டி வந்தாய்" என்று லோரிக்காரர் சாதித்தாராம். மகனோ, "வாக்குவாதம் எதற்கு? என் கேமராவில் எல்லாம் இருக்கிறது" என்று நிம்மதியாக வீடு வந்திருக்கிறார்.

வீட்டில் போட்டுப் பார்த்தால், மோதலுக்கு இரண்டு நிமிடம் முன்பு வரைக்கும் படம் தெளிவாக ஓடுகிறது. கடைசிக் கோப்புக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. "காசு கொடுத்து வாங்கி வைத்த கண், வேண்டிய நேரத்தில் மட்டும் மூடிக்கொண்டதே, ஏன் ஐயா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் பலர் இன்று வேன், லோரி, டாக்சி, பள்ளிப் பேருந்து, மோட்டார் சைக்கிள் என்று சக்கரத்தை நம்பிப் பிழைக்கிறார்கள். கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சிறு கேமராவைச் சாட்சியாக நம்புகிறார்கள். அந்தச் சாட்சி எப்போது வாய் திறக்கும், எப்போது ஊமையாகும் என்பதைத் தெரிந்துகொள்வது, அதை வாங்குவதைவிட முக்கியம். ஆகவே இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

கேமரா எழுதும் கணக்கு

தோட்டத்தில் கிராணியார் கணக்கு எழுதுவதை நினைத்துப் பாருங்கள். நாள் முழுதும் தனித்தனித் தாளில் எழுதுகிறார். இன்னார் இத்தனை ராத்தல் பால், இன்னார் வரவில்லை என்று குறிப்பு சேர்ந்துகொண்டே போகிறது. மாலையில் தாள்களை வரிசைப்படுத்தி, முதல் பக்கத்தில் அட்டவணை எழுதி, தைத்துக் கட்டினால்தான் அது புத்தகம். அட்டவணை எழுதுமுன் விளக்கு அணைந்துவிட்டால் என்ன ஆகும்? தாள்கள் அத்தனையும் மேசைமேல்தான் கிடக்கும். ஆனால் எது முதல், எது கடைசி, ஒரு தாள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியாருக்குத் தெரியாது.

டேஷ் கேமராவும் இதைத்தான் செய்கிறது. பெரும்பாலான கேமராக்கள் எம்பி4 என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. காட்சிகள் மெமரி கார்டில் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் காட்சிகளின் அட்டவணையோ, கோப்பு முடியும்போதுதான் எழுதப்படும். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று நாம் வைத்திருக்கும் அளவுக்கு ஒரு கோப்பு முடிந்து அடுத்த கோப்பு தொடங்கும். இடையில் திடீரென்று மின்சாரம் போனால், ஓடிக்கொண்டிருந்த கோப்புக்கு அட்டவணை இருக்காது. கைபேசியோ கணினியோ அதைத் திறக்க முயன்று, "கோப்பு கெட்டுவிட்டது" என்று கைவிரித்துவிடும். சில வேளை கோப்பின் அளவே பூஜ்யம் என்று காட்டும்.

இதிலிருந்து தெரிவது என்ன? அம்மையாரின் மகனுடைய கேமரா மோதலைப் பார்க்காமல் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. பார்த்தது, எழுதவும் செய்தது. கட்டி முடிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

கடைசி மூச்சுக்கு ஒரு சேமிப்பு

மின்சாரம் எந்த நேரமும் போகலாம் என்பது கேமரா செய்கிறவர்களுக்கும் தெரியும். மோதலில் பேட்டரிக் கம்பி அறுந்து போகும். சாக்கெட்டில் செருகிய முனை அதிர்ச்சியில் கழன்றுவிடும். கேமராவே கண்ணாடியை விட்டு விழுந்து தன் கம்பியைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அதனால் கேமராவுக்குள்ளேயே ஒரு சிறு சேமிப்பு வைத்திருக்கிறார்கள். வெளி மின்சாரம் நின்ற பிறகு சில விநாடி தாக்குப் பிடித்து, அட்டவணையை எழுதி, கோப்பை மூடிவிட்டு அணைவதற்கு அது போதும்.

அந்தச் சேமிப்பு இரண்டு வகை. ஒன்று சிறிய லித்தியம் பேட்டரி. மற்றது சூப்பர் கெபாசிட்டர் என்னும் மின்தேக்கி. வாங்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் வேலை செய்யும். வித்தியாசம் நம் ஊர் வெயிலில்தான் தெரியும். பகல் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரிக்கும் ஏறும். கண்ணாடியை ஒட்டிய இடம் அதைவிடக் கொதிக்கும். சாதாரண லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றுவதே ஆகாது. நாள்தோறும் இப்படி வெந்தால் ஓரிரு வருடத்தில் அதன் சக்தி வற்றிவிடும்; சிலது வீங்கிக் கேமராவின் கூட்டையே பிளந்துவிடும். மின்தேக்கியோ வெப்பத்தை அதிகம் தாங்கும். இலட்சக்கணக்கான முறை நிறைந்து வடிந்தாலும் எளிதில் சோர்வதில்லை. ஆனால் அது தாங்குவது சில விநாடிதான். கோப்பை மூடுவதற்கு மேல் வேறு வேலை செய்யாது.

ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது படத்தின் தெளிவைப் பற்றி அல்ல. "உள்ளே பேட்டரியா, கெபாசிட்டரா?" என்று கேளுங்கள். பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். வண்டியை எடுக்கும்போதெல்லாம் கேமராவின் தேதியும் மணியும் பழைய ஏதோ ஒரு வருடத்து ஜனவரி முதல் தேதிக்குத் திரும்பிப் போகிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் சேமிப்பு செத்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்படிப்பட்ட கேமரா கடைசிக் கோப்பை மூடும் என்று நம்பாதீர்கள். மூடினாலும், தேதி தவறிய சாட்சி இடைஞ்சலான சாட்சிதான்.

வானத்திலும் இதே கதை

இது ஏதோ மலிவான சாமானின் குறை என்று எண்ண வேண்டாம். கோடிக்கணக்கில் விலை போகும் விமானங்களிலும் இதே குறை மனிதரை வாட்டியிருக்கிறது.

1997 டிசம்பர் 19இல் ஜகார்த்தாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட சில்க்ஏர் 185 விமானம், சுமத்ராவில் பாலெம்பாங் அருகே மூசி ஆற்றில் விழுந்தது. அதிலிருந்த 104 பேரும் மாண்டார்கள். விமானிகளின் பேச்சைப் பதியும் பெட்டி முதலில் நின்றிருந்தது. ஏறக்குறைய ஆறு நிமிடம் கழித்து, விமானத்தின் ஓட்டத்தைப் பதியும் பெட்டியும் நின்றிருந்தது. வேண்டிய நேரத்துப் பதிவு இரண்டிலும் இல்லை. காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது இந்தோனேசிய விசாரணைக் குழு. வேண்டுமென்றே செய்யப்பட்ட செயல் என்றது அமெரிக்கத் தரப்பு. இறந்தவர்களின் குடும்பங்கள் நடுவில் நின்றன.

2024 டிசம்பர் 29இல் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜேஜு ஏர் விமானம் ஓடுபாதையைத் தாண்டி மோதியது. 179 பேர் இறந்தனர், இருவரே பிழைத்தனர். அங்கும் இரண்டு பெட்டிகளும் மோதலுக்குச் சுமார் நான்கு நிமிடம் முன்பே நின்றிருந்தன.

இத்தகைய அனுபவங்களால்தான், புதிதாகக் கட்டும் பயணி விமானங்களில் குரல் பதிவுப் பெட்டிக்குப் பத்து நிமிடம் தாங்கும் தனி மின்சாரம் வேண்டும் என்று அமெரிக்கா 2008இல் விதி செய்தது. விமானம் முழுவதும் இருண்டாலும் அந்தப் பெட்டி மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சாட்சிக்குத் தனிச் சோறு போடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டுமோ, அந்த வண்டியின் மின்சாரத்தை மட்டும் நம்பி நிற்கும் கருவி, வண்டி வீழும்போது தானும் வீழ்ந்துவிடும்.

எங்கே கோளாறு?

இனி நம் வண்டிக்கு வருவோம். பதிவு அறுந்து போவதில் பல விதம் உண்டு. எங்கே அறுகிறது என்று பார்த்தாலே, கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பயணத்திலும் வண்டியை நிறுத்தும்போது கடைசித் துண்டு மட்டும் இல்லாமல் போகிறதா? கேமராவின் உள் சேமிப்பு வற்றிவிட்டது. புதிய பேட்டரி போட முடிந்தால் போடலாம். பல கேமராக்களில் கூட்டைப் பிரித்து மாற்றுகிற செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம். வீங்கிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே அணைந்து எரிகிறதா? முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். சிகரெட் பற்றவைக்க இருந்த குழி அது. அதில் செருகும் முனை பள்ளம் மேட்டில் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். குழிக்குள் அழுக்கும் துருவும் சேரும். வண்டிச் சாவியை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். அடுத்தது கம்பி. கைபேசிக்கு வாங்கிய ஏதோ ஒரு கம்பியையும் முனையையும் கேமராவுக்குப் போடுகிறவர்கள் அதிகம். கேமராவுக்கு வேண்டிய மின்னோட்டத்தை அது தராமல் போகலாம். கேமராவோடு வந்த கம்பியையும் முனையையும் திரும்பப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் அணைந்தால் பியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சினை முடுக்கும் நேரத்தில் மட்டும் கேமரா அணைந்து மீண்டும் எரிகிறதா? வண்டிப் பேட்டரியின் 12 வோல்ட், எஞ்சினை முடுக்கும் அந்தக் கணத்தில் 10க்குக் கீழும் இறங்கும். பழைய பேட்டரியாக இருந்தால் இன்னும் இறங்கும். இதில் கேமராவின் குற்றமில்லை. பேட்டரியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை அது.

வண்டியை நிறுத்திப் போன பிறகு பதிவாக வேண்டியது பதிவாகவில்லையா? சாக்கெட்டில் செருகிய கேமரா, பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் நின்றுவிடும். நிறுத்தியிருக்கும்போதும் பதிய வேண்டுமானால் பியூஸ் பெட்டியிலிருந்து நேராகக் கம்பி இழுக்க வேண்டும். அதற்கென்று விற்கும் இணைப்புப் பெட்டியில், வண்டிப் பேட்டரி 12 வோல்ட் அளவுக்கு இறங்கினால் கேமராவை நிறுத்திவிடும் காவல் ஒன்று இருக்கும். காலையில் வண்டி கிளம்பாமல் போகாதபடி காப்பது அதுதான். இந்த வேலையைத் தெரிந்த பட்டறைக்காரரிடம் விடுங்கள். காற்றுப்பையின் கம்பிகள் ஓடும் இடத்தில் தெரியாமல் கைவைக்கக் கூடாது.

கோப்புக்கும் கோப்புக்கும் நடுவே சில விநாடி காணாமல் போகிறதா? அல்லது எங்கெங்கோ சில கோப்புகள் மட்டும் கெடுகின்றனவா? மெமரி கார்டு தேய்ந்துவிட்டது. சாதாரணத் தெளிவில் ஒரு நிமிடப் படத்துக்கு ஏறக்குறைய 100 மெகாபைட் வேண்டும். 32 ஜிகாபைட் கார்டு ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் நிறைந்து, பழையதை அழித்துப் புதியது எழுதத் தொடங்கும். நாள் முழுதும் ஓடும் வேனில் அது ஒரே நாளில் இரண்டு மூன்று முறை அழித்து எழுதப்படுகிறது. ஒரே சிலேட்டில் ஓயாமல் எழுதி அழித்தால் தேயாமல் என்ன செய்யும்? இந்த வேலைக்கென்றே அதிக உழைப்புத் தாங்கும் கார்டுகள் தனியாக விற்கின்றன. சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். மாதம் ஒருமுறை, வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, கேமராவிலேயே கார்டை பார்மட் செய்யுங்கள்.

மோட்டார் சைக்கிளில் கேமரா வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் இவை எல்லாம் பொருந்தும். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கம் இல்லை. நம் பிள்ளைகள் பலர் பிறையிலிருந்து அதிலேயே வேலைக்குப் போய் வருகிறார்கள். அதிர்வும் மழையும் கம்பியின் இணைப்பைச் சீக்கிரம் கெடுக்கும். வாரம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கேமரா நம்பத்தக்கதா என்று அறியப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர்களுக்கும் ஒரு பாடம்.

வண்டியை நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, கேமராவைப் பதியவிடுங்கள். விநாடி முள் உள்ள கடிகாரத்தையோ, விநாடி காட்டும் கைபேசியையோ கேமராவுக்கு முன் பிடியுங்கள். இரண்டு நிமிடம் ஆனதும், கேமராவின் கம்பியை மின்சார முனையோடு சட்டென்று பிடுங்கி விடுங்கள். பிடுங்கிய விநாடியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேமரா முழுவதும் அணைந்த பின் கார்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கடைசிக் கோப்பு திறக்கிறதா? நீங்கள் எழுதிய விநாடி வரை கடிகாரம் தெரிகிறதா? தெரிந்தால் அந்தச் சாட்சி நல்ல சாட்சி. கோப்பு திறக்கவில்லை என்றால், உண்மையான மோதலிலும் திறக்காது.

இதையே மறுமுறை, வண்டி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு செய்யுங்கள். காலைக் குளிரில் தேறும் கேமரா பகல் சூட்டில் தோற்பதுண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது.

சோதனையில் தோற்ற கேமராவை உடனே மாற்றக் கையில் காசில்லை என்றால், இப்போதைக்கு இரண்டு காரியம் செய்யலாம். கோப்பின் நீளத்தை ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாகக் குறையுங்கள். மின்சாரம் போனாலும் இழப்பது ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். மற்றொன்று, உங்கள் கேமராவின் அமைப்பில் டிஎஸ் என்ற வகையில் சேமிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒளிபரப்புக்காக ஏற்பட்ட வகை அது. 188 பைட் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாக எழுதிக்கொண்டே போகும். கடைசியில் அட்டவணை தேவையில்லை. நடுவில் அறுந்தாலும் அறுந்த இடம் வரைக்கும் ஓடும்.

மோதல் நடந்துவிட்டால்

முதலில் மனிதர், பிறகுதான் கேமரா. அடிபட்டவரைக் கவனியுங்கள், 999ஐ அழையுங்கள். அதன் பிறகு கேமரா இன்னும் பதிந்துகொண்டிருந்தால், எஞ்சினை நிறுத்தி, அது தானாக அணையும் வரை பொறுங்கள். பதிந்துகொண்டிருக்கும்போதே கார்டைப் பிடுங்கினால், நல்ல கோப்பை நாமே கெடுத்தது ஆகும். அணைந்ததும் கார்டை எடுத்து ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கார்டோடு மீண்டும் வண்டியை ஓட்டினால் புதிய பதிவு பழையதை அழித்துவிடும். மோதல் அதிர்ச்சியை உணர்ந்து அந்தக் கோப்பைத் தானே பூட்டிவைக்கும் கேமராக்கள் உண்டு. ஆனால் பூட்டும் முன் மின்சாரம் போயிருந்தால் அந்தப் பூட்டும் விழாது.

கடைசிக் கோப்பு திறக்கவில்லையா? மனம் தளர வேண்டாம். கார்டைத் திரும்பக் கேமராவில் போட வேண்டாம். "பார்மட் செய்யவா?" என்று அது கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். கணினி தெரிந்த பிள்ளையிடம் சொல்லி முதலில் கார்டு முழுவதற்கும் நகல் எடுக்கச் சொல்லுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. பூஜ்யம் என்று காட்டும் கோப்பை நகலெடுத்தால் பூஜ்யமே வரும். காட்சியோ கார்டின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். நகலை வைத்துக்கொண்டுதான் சீர் செய்யும் வேலை. எம்பி4 கோப்பானால் அன்ட்ரங்க் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டினால், அதைப் பார்த்துக் கெட்ட கோப்புக்கு அட்டவணை கட்டித் தரும். பழைய ஏவிஐ வகையானால் விஎல்சி என்ற இலவச மென்பொருளே அட்டவணையைச் சரிசெய்து காட்டும். எல்லாம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் பல வேளை மோதிய அந்தக் கணம் வரை வந்துவிடுகிறது. கெலுகோர் அம்மையாருக்கும் இதையே எழுதியிருக்கிறேன்: அந்தக் கார்டு இன்னும் தொடப்படாமல் இருந்தால், வழி இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். மோதிய வண்டியின் கேமரா அணையலாம். பின்னால் வந்த வண்டியின் கேமரா அணைவதில்லை. 2019 ஜனவரி 20 விடியற்காலை, பினாங்குப் பாலத்தில் இரண்டு கார்கள் மோதி, ஒன்று தடுப்பை உடைத்துக் கடலில் விழுந்தது. அதை ஓட்டிய இளைஞர் உயிரிழந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் காரை வெளியே எடுக்க முடிந்தது. அந்த மோதல் நடந்த விதத்தை நாடே பார்த்தது, வேறொரு வாகனத்தின் கேமராவில் பதிந்த சில விநாடிக் காட்சியால்தான். ஆகவே மோதல் நடந்த இடத்தில் நின்றவர்களிடம், "அண்ணே, உங்கள் கேமராவில் இது விழுந்திருக்குமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வண்டி எண்ணையும் தொலைபேசி எண்ணையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். மாலைக்குள் அவர்களின் கேமராவும் அதை அழித்து எழுதிவிடும்.

சட்டம் கேட்பது

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். படம் கிடைக்கவில்லை, நாளை சீர் செய்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் புகார். கேமரா இருந்தது, கோப்பு திறக்கவில்லை, சீர் செய்ய முயல்கிறோம் என்பதையும் அந்தப் புகாரிலேயே எழுதச் சொல்லுங்கள். கேமராவின் மணி சரியான மணியிலிருந்து எத்தனை நிமிடம் முன்பின் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கணினி வழி உருவான பதிவுகளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க, 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 90ஏ பிரிவு வழி செய்கிறது. அதற்கு மூலக் கார்டு கைபடாமல் இருப்பது பலம். வெட்டி ஒட்டியதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். வாட்சாப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பவும் வேண்டாம்.

இதனால் என்ன இலாபம் என்று கேட்பீர்கள். தவறு நம் பக்கம் என்று முடிவானால், ஐந்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த 55 விழுக்காடு காப்புறுதிக் கழிவு போய்விடக்கூடும். வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு வேலையே போகலாம். வேலைக்குப் போகும் வழியில் அடிபட்ட தொழிலாளிக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெர்கேசோ உதவி உண்டு. எந்த வழியில், எந்த நேரத்தில் விபத்து நடந்தது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டிவரும்போது, தேதியும் மணியும் சரியான பதிவு கைகொடுக்கும்.

பெரிய நிறுவனத்து லோரிக்குப் பின்னால் வழக்கறிஞர் இருப்பார், காப்புறுதி அதிகாரி இருப்பார். நம் பிள்ளைக்குப் பின்னால் பல வேளை இருப்பது அந்தச் சிறு கேமரா ஒன்றுதான். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது அந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள். வீட்டில் வண்டி ஓட்டுகிறவர் அலுத்துக்கொண்டால், அம்மாவோ மனைவியோ கம்பியைப் பிடுங்கலாம். பிள்ளைகள் விநாடி எழுதலாம். என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.